புல்வெட்டும் யந்திரமும் தீவக வளவும்

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாக மேற்கே செல்வோர் மண்டைதீவைக் கடந்து, ஒல்லாந்தர் லைடன் எனப் பெயரிட்ட வேலணைத் தீவை அடைகின்றனர். அத்தீவிலுள்ள பழைய கிராமங்களுள் சுருவிலும் ஒன்று. பனையும் பூவரசும் சூழ்ந்த அக்கிராமத்தில், மார்கழி மழை ஓய்ந்ததும் ஒரு காட்சியைக் காணலாம். கதவடைத்த வீடுகளின் வளவுகளிலே புல்லும் பூண்டும் இடுப்பளவுக்கு எழுந்து நிற்கும். கிணற்றுக் கட்டைச் சுற்றி நாயுண்ணி படர்ந்திருக்கும். வேலியோரத்து வடலிகள் வாசலை நோக்கி நெருங்கிக்கொண்டிருக்கும். 1990ஆம், 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்து மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். திரும்பி வந்தவர் சிலர்; கொழும்பிலும் கனடாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் தங்கிவிட்டோர் பலர். அவ்வாறு தங்கிவிட்டோர் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் உறவினரிடம் தொலைபேசியிற் கேட்கும் கேள்விகளுள் ஒன்று: “வளவு துப்புரவாக்க ஒரு மிசின் வாங்கித் தரட்டோ? எது நல்லது?”

கேள்வி சிறியது போலத் தோன்றும். ஆனால் பிழையான யந்திரம் வந்து சேர்ந்தால், பணம் வீணாவதோடு நில்லாது. அதைத் தூக்கிச் சுமந்து வேலை செய்யும் மனிதனின் கண்ணுக்கும் காலுக்கும் கேடு விளையலாம். வளவின் மண்ணும் கிணற்றின் நீரும்கூட அதனாற் கெடலாம். ஆகவே எந்தக் கொம்பனியின் பெயர் பெரியது என்று பார்ப்பதற்கு முன்னர், எந்த யந்திரம் எந்த நிலத்துக்காகப் பிறந்தது என்று பார்ப்பதே முறை.

புல்வெட்டும் யந்திரத்தின் பிறப்பிடம் இங்கிலாந்து. குளொஸ்டர்ஷயரிலுள்ள ஸ்ட்ரவுட் என்னும் ஊரைச் சேர்ந்த எட்வின் பட்டிங் என்பவர் 1830ஆம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை பெற்றார். அப்பகுதி கம்பளி ஆலைகள் நிறைந்தது. நெய்த துணியின் மேல் எழும் மயிரைச் சமமாகக் கத்தரிப்பதற்கு ஆலைகளில் சுழலும் அலகுகளைக் கொண்ட ஓர் யந்திரம் இருந்தது. அதைக் கண்ட பட்டிங், துணியைக் கத்தரிக்கும் அலகு புல்லையும் கத்தரிக்காதா என்று எண்ணினார். இரண்டாண்டுகளில் இப்ஸ்விச் நகரத்து ரான்சம்ஸ் கொம்பனியார் அவரிடம் உரிமை பெற்று அதைச் செய்து விற்கலாயினர். 1902இல் பெற்றோல் எஞ்சின் பூட்டிய யந்திரத்தையும் அவர்களே சந்தைக்குக் கொண்டுவந்தனர். ஆக, இந்த யந்திரத்தின் மூதாதை ஒரு துணி ஆலைக் கருவி. துணியைப் போல் மெத்தென்று, கல்லின்றிப் பரந்து கிடக்கும் பசும்புற்றரைதான் அதற்கு உகந்த இடம்.

சுருவில் வளவு அத்தகையதன்று. ஓர் அடி தோண்டினாற் சுண்ணக்கல் தட்டுப்படும் இடங்கள் பல. மேலேயோ முருகைக் கற்களும் ஓட்டுத் துண்டுகளும் பனையின் கருக்கு மட்டைகளும் பரவிக் கிடக்கும். கத்தரிக்கோல் போல இரு அலகுகள் உரசி வெட்டும் உருளை யந்திரத்துக்கு ஒரு கூழாங்கல் போதும். அலகு பல்லுப் போய்விடும். கிடையாகச் சுழலும் ஒற்றை அலகைக் கொண்ட தள்ளு யந்திரம் சற்றுத் தாக்குப் பிடிக்கும். எனினும் அதனுள் அகப்பட்ட கல் துப்பாக்கிக் குண்டு போல வெளியே பாயும். நான்கு சில்லுகளும் சமமாக உருளும் தரையும் இங்கே அரிது.

இருக்கையில் அமர்ந்து ஓட்டும் தோட்ட உழவு யந்திரத்தைப் பற்றி நெடுகப் பேச வேண்டியதில்லை. அமெரிக்காவின் ஜோன் டியர் கொம்பனி 1963இல் தன் முதலாவது தோட்ட உழவு யந்திரத்தை வெளியிட்டது. அங்கே ஏக்கர்க்கணக்கிற் புற்றரை வைத்திருக்கும் வீட்டுக்காரருக்கு அது பேருதவி. ரொறொன்ரோவுக்கு வெளியே பெரிய வளவுள்ள வீட்டில் வாழும் தமிழரும் அதை மெச்சுவர். அவர்களுள் ஒருவர் ஆசை மிகுதியால் அதைக் கப்பலேற்றி அனுப்பினால், சுருவிலில் அது கோழி அடை வைக்கும் இடமாக முடியும். அதன் பட்டி அறுந்தால் மாற்றுப் பட்டிக்கு எங்கே போவது?

எஞ்சுவன இரண்டு. ஒன்று, தோளிலே கொழுவி நடந்து வெட்டும் புல்வெட்டி. மற்றையது, எங்கள் நாட்டார் லாண்ட்மாஸ்டர் என்று அழைக்கும் இருசில்லு உழவு யந்திரம்.

தோட்புல்வெட்டியே இன்று தீவகத்தின் வளவுகளில் மிகுதியாக ஒலிக்கும் யந்திரம். ஒரு நீண்ட குழாய். ஒரு முனையிற் சிறு எஞ்சின், மறுமுனையில் நைலோன் நூலோ இரும்பு அலகோ. கற்களுக்கிடையிலும் கிணற்றுக் கட்டோரத்திலும் வேலியடியிலும் அது புகும். சந்தையில் இதன் விலை ஏற்றத்தாழ்வு வியப்பூட்டுவது. ஹொண்டா, ஸ்ரீல், ஹஸ்க்வானா என்னும் பெயர்களுடையவை ஒரு புறம். அவற்றைப் போன்ற உருவில், பெயர் நாளுக்கொன்றாக மாறும் மலிவான சீனத் தயாரிப்புக்கள் மறுபுறம்.

ஹொண்டாவின் எஞ்சின் நான்கு வீச்சு எஞ்சின். பெற்றோல் வேறு, எண்ணெய் வேறு. மோட்டார்ச் சைக்கிள் ஓட்டிப் பழகியவர் அதைப் பராமரிப்பது எளிது. சத்தமும் புகையும் குறைவு. பாரம் சிறிது அதிகம். ஜெர்மனியில் 1926இல் நிறுவப்பட்ட ஸ்ரீல் கொம்பனியும், 1689இல் துப்பாக்கித் தொழிற்சாலையாகத் தொடங்கிய சுவீடனின் ஹஸ்க்வானாவும் மரம் அரியும் வாள்களாற் புகழ் பெற்றவை. காட்டு வேலைக்காகவே வளர்ந்த அக்கொம்பனிகளின் புல்வெட்டிகள் நாயுண்ணிப் பற்றையையும் இளம் உடைமரத்தையும் கண்டு தயங்கா. ஆனால் அவற்றிற் பெரும்பாலானவை எண்ணெய் கலந்த பெற்றோலையே கேட்கும். கலவை அளவு கொம்பனிக்குக் கொம்பனி வேறுபடும்: 50 பங்கு பெற்றோலுக்கு 1 பங்கு எண்ணெய் சிலவற்றுக்கு, 25 பங்குக்கு 1 பங்கு வேறு சிலவற்றுக்கு. கண்மதிப்பிற் கலந்து ஊற்றுவதனாலேதான் நல்ல எஞ்சின்கள் பலவும் ஒரே மாரியில் இறுகிப் போகின்றன. கைப்புத்தகத்தைப் படித்து, ஒரு போத்தலில் அளவுக் கோடு கீறி வைத்தால் இக்குறை தீரும்.

மலிவான யந்திரத்தை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் இயலாது. ஆண்டுக்கு இரண்டு முறை மாத்திரம் வெட்டும் ஒரு வளவுக்கு அது போதும். உதிரிப் பாகமும் யாழ்ப்பாண நகரத்துக் கடைகளில் இலகுவிற் கிடைக்கும். ஊரெல்லாம் கூலிக்கு வெட்டப் போகின்றவருக்கோ அது நட்டம். நாள் முழுவதும் அதிரும் கைபிடி விரல்களை மரக்கச் செய்யும். அதிர்வைத் தாங்கும் அமைப்பும் இரு தோளிலும் பாரத்தைப் பகிரும் வாரும் உடையதையே அவர் தேட வேண்டும். விலையுயர்ந்த யந்திரத்தின் மேன்மை இதிலேதான் தெரிகிறது. எஞ்சினின் பலத்தில் அன்று.

இன்னொன்று. யந்திரத்துக்குப் பணம் அனுப்புபவர் கண்ணாடிக்கும் சப்பாத்துக்கும் பணம் அனுப்புவதில்லை. சாரத்தை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு, முகத்துக்கு ஒரு துவாயைச் சுற்றிக்கொண்டு இரும்பு அலகைச் சுழற்றும் முதியவரைத் தீவகத்திற் காணாதார் இலர். முருகைக்கல் தெறித்தாற் கண் திரும்பி வராது. நைலோன் நூல் பொருத்தி வெட்டினால் வேகம் குறையும்; ஆபத்தும் குறையும். வடலியும் பற்றையும் இல்லாத இடத்தில் நூலே போதுமானது. பார்த்தீனியம் படர்ந்த வளவுகளில் யந்திரத்தை எடுக்கவே கூடாது. அதன் மகரந்தமும் தூளும் மூச்சிழுப்பையும் தோற்கடியையும் உண்டாக்கும். வெட்டிய அடியோ மீண்டும் தழைக்கும். பூக்குமுன் கையுறையோடு வேருடன் பிடுங்குவதே அதற்கு வழி.

இனி, லாண்ட்மாஸ்டர். அது ஒரு கொம்பனியின் பெயர். இன்று கூபோட்டாவானாலும் சீனத்து யந்திரமானாலும் கமக்காரர் வாயில் அது லாண்ட்மாஸ்டர்தான். இந்த யந்திரத்தை உருவாக்கியவர் இலங்கையரே என்பது பலருக்குத் தெரியாது. கேம்பிரிட்ஜிற் கற்ற பொறியியலாளரான றே விஜேவர்த்தன 1955ஆம் ஆண்டில் அதை வடிவமைத்தார். இங்கிலாந்தின் நொட்டிங்காம் நகரத்து லாண்ட்மாஸ்டர் கொம்பனி அதைச் செய்து விற்றது. வெப்ப நாடுகளின் சிறு வயல்களுக்கு நாற்சில்லு உழவு யந்திரம் பொருந்தாது என்பது அவர் கண்ட உண்மை. எருமை புகும் வயலில் யந்திரமும் புகவேண்டும் என்று அவர் கருதினார்.

தீவகத்தில் லாண்ட்மாஸ்டர் உழுததைவிடச் சுமந்தது அதிகம் எனலாம். பின்னே பெட்டி பூட்டினால் அது விறகு வண்டி, கல் வண்டி, நெல் வண்டி. கலியாண வீட்டுக்குக் கதிரை ஏற்றும் வண்டியும் அதுவே. 1990களில் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைப்பட்டிருந்த காலத்தில், மண்ணெண்ணெயிலும் எஞ்சின்களை ஓடவைத்த மனிதரின் சாமர்த்தியத்தால் அது ஓடியது. இடப்பெயர்வுகளின்போது வீட்டுச் சாமானும் கிழவரும் குழந்தையும் அதன் பெட்டியிலேயே ஏறினர். ஆகவே ஒரு வீட்டுக்காரர், புல்வெட்டி வாங்குவதா லாண்ட்மாஸ்டர் வாங்குவதா என்று கேட்டால், மாரியில் விதைக்க வயலும் ஏற்ற இறக்கச் சுமையும் உடையவருக்குத்தான் லாண்ட்மாஸ்டர் என்று சொல்லலாம். வளவை மாத்திரம் வைத்திருப்பவருக்கு அது வேண்டாம். வருடத்தில் ஒரு நாள் கூலிக்குப் பிடித்தாற் போதும்.

அந்த ஒரு நாளும் வேண்டுமா என்பதை யோசிக்கச் சொன்னவரும் விஜேவர்த்தனவே. 1960களில் அமெரிக்காவின் ஹார்வர்ட்டில் அவர் தம் யந்திரத்தைப் பற்றி விரிவுரை ஆற்றியபோது, சபையிலிருந்து ஒருவர், அவர் யந்திரமயமாக்கியது விவசாயத்தையா அல்லது எருமையையா என்னும் பொருள்படக் கேட்டார். அக்கேள்வி அவரை விடவில்லை. விளைச்சல் கூடியதா, மண் செழித்ததா என்று ஆராயப் புகுந்த அவர், பின்னாளில் நைஜீரியாவின் இபடான் நகரத்து ஆராய்ச்சி நிலையத்தில் உழாமற் பயிரிடும் முறைகளிற் பணியாற்றினார். நாடு திரும்பிச் சீமைக்கிளுவையைப் பசளைக்கும் எரிபொருளுக்கும் நடும்படி வற்புறுத்தினார். தம் பெயரை நிலைநாட்டிய யந்திரத்தையே சந்தேகித்துப் பார்த்த அத்தகைய அறிஞர் அரியர். அவர் 2010இல் காலமானார்.

அவருடைய சந்தேகம் சுருவில் போன்ற இடத்துக்கு மிகப் பொருந்தும். இங்கே மேல்மண் மெல்லிய போர்வை. களையை அழிப்பதற்காக வளவு முழுவதையும் சுழல் அலகாற் புரட்டினால், வைகாசியில் எழும் சோளகக் காற்று அப்புழுதியை வாரிக்கொண்டு போகும். கோரையின் கிழங்குகளோ துண்டு துண்டாகி, ஒன்றுக்குப் பத்தாக முளைக்கும். வெட்டிய புல்லை நிலத்திலேயே மூடாக்காக விட்டால் ஈரமும் நிற்கும், காற்றுக்கும் தடையாகும்.

வெளிநாட்டில் வாழ்ந்து வருவோர்க்கு வேறோர் ஆசையும் உண்டு: வீட்டு முன்றிலிற் பச்சைப் புற்றரை. அது வந்தால் தள்ளு யந்திரமும் வரும். ஆனால் புற்றரை குடிக்கும் நீர் எங்கிருந்து வருவது? தீவின் நன்னீர், சுண்ணக்கல்லின் துளைகளில் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் ஒரு வில்லை. ஒல்லாந்தரான கீபனும் ஜெர்மானியரான ஹெர்ட்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் இருக்கும். மறுபுறமாகச் சொன்னால், மேலே 1 அடி இறைத்துத் தீர்த்தால் கீழேயிருந்து உவர் 40 அடி ஏறத் தலைப்படும். துலா மிதித்த காலத்தில் கிணறு இரவில் ஊறி ஆறியது. மின்மோட்டார் அவ்விளைப்பாறலை அளிப்பதில்லை. புரட்டாதி வெயிலிற் புற்றரைக்கு நீர் பாய்ச்சுகின்ற ஒரு வீட்டுக்காக அயல்வீட்டுக் கிணறு உவர்க்க நேரிடலாம். அறுகு தானாக முளைத்து, தானாகக் காய்ந்து, மழைக்குத் தானாகத் தழைக்கும். அதை ஆட்டுக்கு விட்டால் எண்ணெய்ச் செலவுமில்லை.

2022இல் நாடெங்கும் எரிபொருளுக்கு வரிசை நின்றபோது, கலன்களிற் பெற்றோல் வாங்க இயலாமற் புல்வெட்டிகள் மூலையில் தூங்கின. அக்காலத்தில் கத்தியும் உழவாரமும் மீண்டும் தீட்டப்பட்டன. மேனாடுகளில் இப்போது மின்கல யந்திரத்துக்கு மாறி வருகின்றனர். கலிபோர்னியாவிற் சிறு பெற்றோல் எஞ்சின் பொருத்தி 2024 முதல் புதிதாகத் தயாரிக்கப்படும் புல்வெட்டிகளிற் பெரும்பாலானவற்றின் விற்பனை தடுக்கப்பட்டது. மின்கலப் புல்வெட்டி சிறு முன்றிலுக்கு நன்று. அதன் மின்கலம் பழுதாகும்போது மாற்று எங்கே, என்ன விலை என்று வாங்குமுன் கேட்டுக்கொள்வது அவசியம்.

நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு நல்ல புல்வெட்டியை வாங்கி, அதை இயக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒப்படைத்து, பெற்றோல், நூல், பழுது ஆகியவற்றுக்கெனச் சிறு தொகையை மாதந்தோறும் ஒதுக்குவதே செலவு குறைந்த ஏற்பாடு. யந்திரத்தைத் திண்ணையில் நிறுத்திவிடாமல், வேலை முடிந்ததும் பெற்றோலை வடித்து, உப்புக்காற்றுப் படாத அறையில் எண்ணெய்த் துணியாற் துடைத்து வைக்க வேண்டும். இயக்குபவரின் கண்ணாடியும் சப்பாத்தும் அதே அறையில், யந்திரத்தோடு சேர்ந்து இருக்கட்டும்.