நாயின் நாவும் நமது கடமையும்

பரங்கிமலையிலிருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் வழியாக வண்டலூர் வரையில் இரயில் பாதையின் இருமருங்கிலும் வீடுகள் பெருகியிருக்கின்றன. சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் உள்ள வீடுகளில் பலவற்றில் நாய் ஒன்றும் இருக்கிறது. இராஜபாளையமோ, சிப்பிப்பாறையோ, லாப்ரடாரோ, தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாயோ, எதுவாயினும் அது வீட்டுப் பிள்ளைகளின் அருமைத் தோழன். அந்தத் தோழனைப் பற்றிப் பிறரிடம் சொல்லக் கூசும் குறை ஒன்றும் பல வீடுகளில் உண்டு. உலாவச் சென்ற இடத்தில் சாணத்தை நக்குகிறது. குப்பையைக் கிளறி அழுகிய எலும்பைக் கௌவுகிறது. சில வேளைகளில் தன் மலத்தையே தின்கிறது. பிறகு ஓடிவந்து குழந்தையின் முகத்தை நக்குகிறது! இதற்கு என்ன செய்வது என்பதைத்தான் மாணவ நண்பர்களோடு சிறிது நேரம் சிந்திக்க விரும்புகிறேன்.

நோய்க்கு மருந்து தேடுமுன் அதன் காரணத்தைத் தேட வேண்டும். நாய் மனிதனோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன. அது எவ்வாறு நம்மிடம் வந்து சேர்ந்தது? மனிதன் எறிந்த எச்சத்தை உண்ண வந்த ஓநாய்களில், மனிதனைக் கண்டு அதிகம் அஞ்சாதவை ஊரோரத்திலேயே தங்கி, தலைமுறை தலைமுறையாக நாயாக மாறின என்பது அமெரிக்க அறிஞர் ரேமண்ட் காப்பிங்கரின் கருத்து. இதை எல்லா அறிஞர்களும் ஒப்புக்கொள்வதில்லை. எனினும் குப்பைமேட்டுக்கும் நாய்க்கும் உள்ள உறவு மிகப் பழமையானது என்பதில் ஐயமில்லை. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் விளிம்பில் பல்லாண்டுகளாகக் குவிந்த பெருங்குடிக் குப்பைக் கிடங்கை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

இந்த உறவின் தடம் நாயின் உடலிலேயே பதிந்திருக்கிறது. சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஆக்செல்சனும் அவர் குழுவினரும் 2013-இல் ஓர் உண்மையை வெளியிட்டார்கள். மாவுப்பொருளைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பெருகியிருக்கிறதாம். நாம் போடும் சோற்றை உண்டு நாய் கொழுத்து வளர்வதற்கு இது ஒரு காரணம். நம் நாட்டிலேயே, கொல்கத்தா இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியை அனிந்திதா பத்ராவும் அவர் மாணவர்களும் தெரு நாய்களை ஆராய்ந்தார்கள். இறைச்சியின் மணம் எதில் வீசுகிறதோ அதையே நாய் முதலில் தின்கிறது என்று அவர்கள் கண்டார்கள். நமக்குத் துர்நாற்றமாகத் தோன்றுவது அதற்கு விருந்துக்கு வந்த அழைப்பு.

இனி, எல்லாவற்றினும் அருவருப்பான மலந்தின்னும் வழக்கத்தைப் பார்ப்போம். குட்டி ஈன்ற தாய் நாய் முதல் சில வாரங்கள் குட்டிகளின் கழிவை நக்கியே உண்டுவிடும். படுக்கை தூய்மையாக இருப்பதற்கு இயற்கை வகுத்த வழி அது. வளர்ந்த நாய்களின் வழக்கத்தைப் பற்றி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பெஞ்சமின் ஹார்ட் என்னும் கால்நடை அறிஞரும் அவர் துணைவர்களும் ஏறத்தாழ 3,000 நாய் வளர்ப்போரிடம் விசாரித்து, 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நூற்றுக்குப் 16 நாய்கள் அடிக்கடி மலம் தின்பவை. அவை பெரும்பாலும் இரண்டு நாட்களுக்கு உட்பட்ட மலத்தையே நாடின. குடற்புழுக்களின் முட்டைகள் நோய் தரும் நிலையை அடையச் சில நாட்கள் ஆகும். அதற்குள் தின்று அகற்றினால் ஓநாய்க் கூட்டத்தின் இருப்பிடம் புழுத் தொல்லையிலிருந்து தப்பும். அந்தப் பழைய இயல்பின் மிச்சமே இது என்று அவர்கள் ஊகிக்கிறார்கள்.

அந்த ஆராய்ச்சியில் நாம் கவனிக்கவேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. இந்த வழக்கத்தை நிறுத்துவதாகச் சொல்லி விற்கப்படும் 11 வகைப் பொடிகளையும் மாத்திரைகளையும் பயன்படுத்தியவர்களைக் கேட்டபோது, நூற்றுக்கு இரண்டு பேருக்குமேல் எதனாலும் பயன் கண்டதாகத் தெரியவில்லை. மிளகுத்தூள் தூவுவதும் மலத்தில் நாயின் மூக்கைத் தேய்ப்பதும் நம் பக்கத்திலும் சிலர் கையாளும் முறைகள். இவற்றில் இரண்டாவது கொடுமை மட்டுமன்று, கேடும் ஆகும். அடிபட்ட நாய் மலம் கழிப்பதையே குற்றம் என்று எண்ணி, மறைவான இடம் தேடத் தொடங்கும். தடயத்தைத் தின்று அகற்றவும் கூடும்.

பேராசையுள்ள நாய்களிடமே இவ்வழக்கம் மிகுதியாகக் காணப்பட்டது என்பதும் அந்த விசாரணையில் வெளிப்பட்டது. பேராசையும் சில நாய்களுக்குப் பிறவிக் குணமே. லாப்ரடார் நாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு, பசியடங்குவதை உணர்த்தும் மரபணு ஒன்றில் ஒரு பகுதி குறைந்திருப்பதை 2016-இல் கேம்பிரிட்ஜ் ஆராய்ச்சியாளர்கள் கண்டறிந்தார்கள். "இப்போதுதானே ஒரு தட்டுச் சோறு தின்றாய்!" என்று நாம் கடிந்துகொள்ளும்போது, அந்தப் பிராணி உண்மையாகவே பசியோடு நம்மைப் பார்க்கக்கூடும். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைப்பதைப் பற்றிய பழமொழியை நாயின் இழிவுக்குச் சான்றாகச் சொல்லுகிறோம். நாய் தன் இயல்பின்படி நடக்கிறது என்பதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. குற்றம் செய்யும் எண்ணம் இல்லாத இடத்தில் தண்டனைக்கு என்ன வேலை?

ஆயினும் எல்லாவற்றையும் இயல்பென்று விட்டுவிடுவதும் தவறு. இதுவரை இல்லாத வழக்கம் திடீரென்று தோன்றினால் அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். குடற்புழு மிகுந்தாலும், கணையம் செரிமான நீரைப் போதிய அளவு சுரக்காவிட்டாலும், நாய் எவ்வளவு தின்றும் இளைக்கும், கண்டதையெல்லாம் தின்னும். அல்சேஷன் நாய்களுக்குக் கணையக் குறை வருவது மிகுதி. ஸ்டீராய்டு மருந்துகளும் பசியைப் பெருக்குவன. மண்ணையும் சுவரையும் ஓயாமல் நக்கும் நாய்க்கு இரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உண்ணிக் காய்ச்சலால் அது உண்டாகலாம். இத்தகைய வேளைகளில் கால்நடை மருத்துவரையே நாட வேண்டும். 1903-இல் தொடங்கப்பெற்ற சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. புல்லைத் தின்பதற்கு மட்டும் அஞ்சவேண்டாம். நலமாயுள்ள நாய்களும் புல் மேய்வதுண்டு.

ஓர் எச்சரிக்கையை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கல், மரக்கட்டை, மண் ஆகியவற்றை நாய் திடீரென்று விழுங்கத் தொடங்கி, அதனோடு குரல் மாறி, கீழ்த்தாடை தொங்கி, எச்சில் ஒழுகினால், அது வெறிநோயாக இருக்கக்கூடும். தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எண்ணி அதன் வாயில் ஒருநாளும் கைவிடாதீர்கள். கடியோ கீறலோ பட்டால், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோயின் அறிகுறிகள் மனிதரிடம் தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது மிக மிக அரிது. வீட்டு நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுவதன் அவசியத்தை இதனால் உணரலாம்.

அருவருப்பான பொருள்களைவிட ஆபத்தான பொருள்கள் பல நம் சமையலறையிலேயே இருக்கின்றன. அன்போடு நாம் பிசைந்து வைக்கும் சாம்பார் சாதத்திலுள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட்டும் திராட்சையும் அதற்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு கூரிய சில்லுகளாக உடைந்து குடலைக் கிழிக்கலாம். எலிப் பாஷாணம் தின்ற எலியைத் தின்றாலும் நாய்க்குத் தீங்கு நேரலாம். வடகிழக்குப் பருவமழையின் முதல் தூறலுக்குத் தோட்டத்தில் தேரைகள் வெளிவருகின்றன. தேரையைக் கௌவிய நாயின் வாயில் நுரை தள்ளும். அதன் தோலிலுள்ள நஞ்சே காரணம். ஈரத்துணியால் வாயை உடனே துடைத்து மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

இனிச் செய்யவேண்டியவை யாவை? அவை எளியவை, ஆனால் நாள்தோறும் செய்யவேண்டியவை. நாய் மலங்கழித்தவுடன் அதை அகற்றிவிடுங்கள். தின்பதற்கு ஒன்றும் இல்லாதபோது தின்னும் வழக்கமும் இல்லை. உலாவும்போது கயிற்றைக் கைவிடாதீர்கள். குறித்த வேளையில், குறித்த அளவில், அதற்கென்ற தட்டில் உணவு வையுங்கள். "விடு" என்ற சொல்லைக் குட்டிப் பருவத்திலேயே கற்பியுங்கள். வாயிலுள்ளதைக் கீழே போட்டால் அதைவிட நல்ல தின்பண்டம் ஒன்று கிடைக்கும் என்று நாய் கற்றுக்கொள்ளட்டும். துரத்திப் பிடுங்கினால், அடுத்த முறை அவசரமாக விழுங்கிவிடும். மருத்துவர் சொன்னபடி குடற்புழு மருந்து கொடுங்கள். நாயின் குடற்புழு முட்டைகள் மண்ணில் கலந்து, கைவழியே குழந்தைகளின் வயிற்றுக்குள் சென்று, கண்ணையும் ஈரலையும் தாக்குவதுண்டு. ஆகையால் நாயோடு விளையாடியபின் கை கழுவுவதும், முகத்தை நக்கவிடாமல் இருப்பதும் வேண்டும்.

இவையெல்லாம் வீட்டுக்குள் செய்யும் காரியங்கள். வாயிலைத் தாண்டினால் என்ன காண்கிறோம்? கலியாண மண்டபத்தின் பின்புறம் எச்சில் இலைகள். இறைச்சிக் கடைக்கு அருகில் கழிவு. காலி மனையில் முடிச்சுப் போட்டு எறிந்த பிளாஸ்டிக் பைகள். சோற்றின் மணத்தால் நாய் பையோடு விழுங்குகிறது, மாடும் விழுங்குகிறது. ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் உலகப் புகழ்பெற்ற ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. இத்தகைய பெருமைகளைப் பெற்ற வட்டாரத்தில், மக்கும் குப்பையையும் மக்காத குப்பையையும் பிரித்துக் கொடுக்கும் சிறு வேலையை நாம் மறக்கலாமா?

நாய்க்குத் தெருவில் கிடக்கும் எச்சிலுக்கும் தட்டில் வைத்த உணவுக்கும் வேற்றுமை தெரியாது. தெரிந்தவர்கள் நாம். ஆகவே, "சீ!" என்று அதை விரட்டுமுன், அது வாய்வைத்த பொருளை அங்கே போட்டவர் யார் என்று நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் தெருவில் உள்ள மாணவர்கள் நால்வர் சேர்ந்து மூலையிலுள்ள ஒரு குப்பைமேட்டை இல்லாமற் செய்தால், அந்தத் தெருவின் நாய்கள் அத்தனைக்கும் வைத்தியம் செய்தவர்கள் ஆவீர்கள்.