அல்லைப்பிட்டிப் பீங்கான்

பழம் பீங்கானின் உண்மையை அறிவது எவ்வாறு?

கலத்தைக் கவிழ்த்து அடியை முதலில் நோக்குதல் வேண்டும். மெருகு பூசப்படாத அடிவளையம் மண்ணின் இயல்பைக் காட்டும். விரலாற் சுண்டினால், கீறலற்ற கலம் கணீரென ஒலிக்கும். விரிசலுற்றது மந்தமாய் ஒலிக்கும். அடியிலுள்ள அரச முத்திரையை மட்டும் நம்புதல் தகாது. பிற்காலத்தாரும் அதனை எழுதினர்.

யாழ்ப்பாணத்தை அடுத்த அல்லைப்பிட்டியில் 1977ஆம் ஆண்டிலும், ஷாங்காய் அருங்காட்சியகத்தார் பங்குகொண்ட 2018ஆம் ஆண்டு அகழ்விலும் சீனப் பீங்கான் ஓடுகள் வெளிப்பட்டன. அவை 11, 12ஆம் நூற்றாண்டுகளுக்குரிய சொங் காலத்தவை என்பர் ஆய்வாளர்.

முழுக்கலத்துக்கு விலை மிகுதி. ஆயினும், கிடைத்த இடம் அறியப்பட்ட உடைந்த ஓடே பொய்யாத சாட்சி. அதனை மறைவாகத் தோண்டி விற்போர், நம் கடல்வாணிக வரலாற்றின் ஓர் ஏட்டையே கிழித்தெறிகின்றனர். காண்போர் இடத்தைக் குறித்துத் தொல்பொருள் திணைக்களத்துக்கு அறிவித்தல் கடனாகும்.