முற்றைக் காண்பதும் முற்றை மெய்ப்பிப்பதும்



சதுரங்க நிரல்களுள் எது விரைவாக முற்றினைக் காண்கிறது என்னும் வினா, கேட்பதற்கு ஓட்டப் பந்தயம் போல எளியது. ஒரே நிலையை இரண்டு நிரல்களிடம் கொடுப்போம், கடிகாரத்தைப் பார்ப்போம், முந்தியதற்கு வெற்றி. ஆயின், இப்பந்தயத்தில் ஓடுவோர் அனைவரும் ஒரே இடத்தை நோக்கி ஓடுவதில்லை. அதனையே இன்று எடுத்துரைக்க விழைகிறேன்.

முதற்கண் ஒரு சொல் விளக்கம். அரசன் தாக்கப்பட்டுத் தப்ப வழியற்று நிற்பது முற்று. எதிராளி எந்த நகர்வைத் தேர்ந்தாலும், குறித்த எண்ணிக்கைக்குள் அந்நிலைக்கு வந்தே தீருவார் எனில், அது கட்டாய முற்று. ஆங்கிலத்தில் வழங்கும் 'செக்மேட்' பாரசீகத்தின் 'ஷா மாத்' என்பதிலிருந்து வந்தது. அரசன் இறந்தான் என்று சிலரும், அரசன் செயலற்றான் என்று சிலரும் பொருள் கூறுவர். சதுரங்கத்தில் அரசன் ஒருபோதும் வெட்டப்படுவதில்லை ஆதலின், பின்னதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

கணினி சதுரங்கத்தின் வரலாறே இவ்வகைப் புதிர் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது எனலாம். 1951ஆம் ஆண்டு, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெராண்டி மார்க் 1 கணினியில், டீட்ரிச் பிரின்ஸ் என்பவர் இரண்டு நகர்வில் முற்று காணும் நிரலை இயக்கினார். முழு ஆட்டம் ஆடும் ஆற்றல் அதற்கு இல்லை. கோட்டை கட்டுதல் இல்லை. காலாள் பதவி உயர்வும் இல்லை. இயலும் நகர்வுகள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் ஆராய்ந்து, ஏறத்தாழ 15 நிமிடங்களில் விடை கண்டது.

ஒரு நிலையில் ஏறத்தாழ 30 நகர்வுகள் இயலும் எனக் கொள்வோம். இரண்டு நகர்வில் முற்று என்றால் தாக்குபவர், காப்பவர், மீண்டும் தாக்குபவர் என மூன்று படிகள்; 27,000 வழிகள். மூன்று நகர்வில் முற்று என்றால் ஐந்து படிகள்; 24.3 மில்லியன் வழிகள். ஒரு நகர்வு கூடினால் உழைப்பு 900 மடங்காகிறது. பிரின்ஸின் 15 நிமிடம், இக்கணக்கின்படி, ஒன்பது நாள்களைக் கடந்துவிடும்.

எனவே, பின்வந்த நிரல்கள் அனைத்தும் எதையேனும் பாராது விடக் கற்றன. எதை விடுவது என்பதில்தான் அவை வேறுபடுகின்றன.

தாக்குபவருக்கு ஒவ்வொரு முறையும் ஒரு நல்ல நகர்வு கிடைத்தால் போதும். காப்பவரின் மறுமொழிகள் அனைத்திற்கும் விடை இருத்தல் வேண்டும். விடை தெரிந்த பின்னர், மூன்று நகர்வில் முற்று உண்டு என்பதைச் சரிபார்க்க 30 பெருக்கல் 30, அதாவது 900 முடிவுகளே தேவை. மூன்று நகர்வில் முற்று இல்லை என்று மெய்ப்பிக்க வேண்டுமாயின், தாக்குபவரின் மூன்று படிகளிலும் எல்லா நகர்வுகளும் தோற்பதைக் காட்ட வேண்டும். காப்பவரின் சரியான மறுமொழியை உடனுக்குடன் அறிந்திருந்தாலும் 27,000. உண்டு என்பதைவிட இல்லை என்பதற்கு விலை அதிகம்!

இனி, தாக்குபவரின் ஒவ்வொரு நகர்வும் அரசனைத் தாக்குவதாக அமைந்தால், காப்பவருக்கு இரண்டு மூன்று மறுமொழிகளே எஞ்சும். 900 என்பது ஒன்பதாகச் சுருங்கும். காப்பவருக்கு வழி குறைவாக உள்ள கிளையை முதலில் நாடும் முறையை விக்டர் ஆலிஸ் 1994இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் விரித்துரைத்தார். அரசியைப் பலியிட்டு அடுக்கடுக்காகத் தாக்கும் முற்றுகளை இத்தகைய நிரல் மிக ஆழத்திலும் விரைந்து காணும். ஆயின், அது காண்பது மிகக் குறுகிய முற்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. புதிர் இயற்றுவோர் பெரிதும் விரும்பும் அமைதியான முதல் நகர்வு இம்முறைக்குக் கடினமானது.

ஸ்டாக்ஃபிஷ் போன்ற ஆட்ட நிரல்கள் வேறொன்றைச் செய்கின்றன. 'என் முறையை விட்டுக்கொடுத்தாலும் என் நிலை நன்றாகவே உள்ளது. எனவே இக்கிளையை மேலும் ஆராய வேண்டா' என்று முடிவுசெய்கின்றன. உண்மை ஆட்டங்களில் இது பெரும்பாலும் சரியே. ஆனால், நகராதிருப்பதே நலம், எனினும் நகர்ந்தே ஆக வேண்டும் என்னும் இக்கட்டில், செருமானியர் 'சுக்ஸ்வாங்' எனப் பெயரிட்ட நிலையில், இவ்வாதம் தலைகீழாகிவிடும். புதிர்களோ அந்நிலையை நாடியே இயற்றப்படுகின்றன. உலகின் வலிமை மிக்க நிரல், ஒரு நான்கு நகர்வுப் புதிரில் எளிய பழைய நிரலுக்குப் பின்தங்கினால், வியப்பதற்கு ஒன்றுமில்லை.

நரம்பு வலையமைப்பைக் கொண்ட லீலா இன்னும் ஒருபடி வேறானது. வெற்றியா, சமமா, தோல்வியா என்பதைக் கொண்டே அது பயிற்றப்பட்டது. ஐந்து நகர்வில் வென்றாலும் ஐம்பதில் வென்றாலும் அதற்கு ஒன்றே. ஆகவே, அதன் தொடக்கப் பதிப்புகள் வென்ற ஆட்டத்தை முடிக்காமல் உலாவிக்கொண்டிருந்தன. எஞ்சிய நகர்வுகளை மதிப்பிடும் பகுதி பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

ஆசிரியர்கள் இங்குக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மாணவர் ஒருவர் பயிற்சிப் புதிரைக் கைப்பேசியில் இட்டுப் பார்க்கிறார். திரையில் முற்று காட்டப்படவில்லை. பெரிய மதிப்பெண் மட்டும் தோன்றுகிறது. 'ஐயா, இதில் முற்று இல்லை' என்கிறார். நிரல் அவ்வாறு கூறவில்லை; தான் இன்னும் காணவில்லை என்று மட்டுமே கூறியது. எட்டு நகர்வில் முற்று என்று அது காட்டினாலும், எட்டுக்குள் முடியும் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். ஏழில் முடியாது என்பதன்று.

ஸ்டாக்ஃபிஷின் முற்று காணும் திறனை அளக்க, 6,000க்கும் மேற்பட்ட முற்றுநிலைகளின் தொகுப்பு ஒன்று பயன்படுகிறது. அதில், கண்ட முற்றுகள் எத்தனை, அவற்றுள் மிகக் குறுகியவை எத்தனை என இரண்டு எண்கள் தனித்தனியே தரப்படுகின்றன. இதுவே நேர்மையான அளவை. நொடிக்கணக்கை அன்று, ஆராய்ந்த நிலைகளின் எண்ணிக்கையை அது வரம்பாக்குகிறது. ஒரே நிரலின் பதிப்புகளை ஒப்பிட அது பொருத்தமானதே. நிரலுக்கு நிரல் ஒப்பிடும்போது அந்த எண்ணிக்கையும் ஐயத்திற்குரியது. ஏனெனில் எதனை ஒரு நிலையாக எண்ணுவது என்பதில் நிரல்கள் ஒத்துப்போவதில்லை. 'ஆழம் 20' என்பதும் அவ்வாறே.

வகுப்பில் இச்சோதனையை நிகழ்த்த விரும்புவோர், ஒரு புதிருக்கும் அடுத்த புதிருக்கும் இடையே நிரலின் நினைவகத்தைத் துடைத்துவிட வேண்டும். முந்தைய தேடலின் எச்சம் அடுத்ததற்கு உதவிவிடும். செயலியின் ஒரே இழையில் இயக்க வேண்டும். பல இழைகளில் இயக்கினால் ஒரே புதிருக்கு இருமுறை இருவேறு நேரங்கள் வரும். இறுதியாட்ட அட்டவணைகளையும் நீக்கிவிட வேண்டும். 2012இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் லொமொனோசோவ் மீத்திறன் கணினியில், ஏழு காய்கள் வரையுள்ள இறுதிநிலைகள் கணிக்கப்பட்டன. அட்டவணையின் அளவு 140 டெராபைட். அவற்றுள் மிக நீண்டது 549 நகர்வில் முற்று. அட்டவணையை உடைய நிரல் அதனை நொடிப்பொழுதில் சொல்லிவிடும். தேடல் எதுவும் நிகழவில்லை. முன்பே எழுதிவைத்த விடையை அது படித்தது, அவ்வளவே.