வலியும் நடையும்



34 ஆண்டுகள் உங்களைப் போன்றோரைப் பார்த்து "நிமிர்ந்து நட" என்று சொல்லிவந்தவன் நான். 66-ஆம் அகவையில் எனக்கே பிறர் நடை பயிற்றுவிக்க வேண்டியதாயிற்று. சென்ற ஆண்டு என் வலப்பக்க இடுப்பு மூட்டை நீக்கிச் செயற்கை மூட்டுப் பொருத்தினார்கள். அதன் பின்னர்க் கழிந்த மூன்று திங்களைப் பற்றியே இன்று பேசப் போகிறேன். இளையோராகிய எங்களுக்கு இஃது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் வீட்டுப் பாட்டியோ தாத்தாவோ இத்தகைய படுக்கையிலிருந்து எழும் நாளில், அருகே நிற்கப் போகிறவர்கள் நீங்களே அல்லவா?

இடுப்பு மூட்டு ஒரு பந்துக்கிண்ண மூட்டு என்று படித்திருப்பீர்கள். தொடை எலும்பின் தலை பந்து. இடுப்பெலும்பின் குழி கிண்ணம். இரண்டையும் போர்த்திருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு எனக்குத் தேய்ந்துவிட்டிருந்தது. இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்னும் அறுவை மருத்துவர் முதலில் டெஃப்லான் கிண்ணத்தைப் பொருத்திப் பார்த்தார். அது விரைவில் தேய்ந்து, பலருக்கு மீண்டும் அறுவை செய்ய நேர்ந்தது. அவர் மனந்தளரவில்லை, 1962 இல் பாலிஎத்திலீன் கிண்ணத்துக்கு மாறி வெற்றி கண்டார். தோல்வியை மறைக்காமல் ஒப்புக்கொண்டவர் என்பதால் அவர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

அறுவைக்கு மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்கச் செய்தார்கள். அன்றே என் முதற்பிழையும் தொடங்கிற்று. வலியைப் பொறுப்பதே மனவுறுதி என்று எண்ணி, செவிலியர் தந்த வலிமாத்திரையை விழுங்காமல் தலையணையின்கீழ் ஒளித்து வைத்தேன். ஒரு மாணவன் இதைச் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளுங்கள். வலி மிகுந்தது, வலிக்கு அஞ்சிக் காலை அசைக்காமலே கிடந்தேன். எனக்குப் பயிற்சியளிக்க வந்த இயன்முறை மருத்துவர் எங்கள் பள்ளியில் படித்த பெண். தலையணையைச் சரிசெய்தபோது மாத்திரைகளைக் கண்டுவிட்டார்.

"ஐயா, இம்மாத்திரை உங்களைத் தூங்க வைப்பதற்கன்று, எழுப்பி நடக்க வைப்பதற்கு" என்றார் அவர். "புதிய மூட்டில் நரம்பு இல்லை, அது வலிக்காது. வெட்டித் தைத்த தசைதான் வலிக்கிறது. அசையாமல் கிடந்தால் அத்தசை மெலியும். கால் நாளங்களில் இரத்தம் உறையவும் கூடும்."

அன்றுமுதல் மருத்துவர் குறித்த அளவில் மாத்திரையை உட்கொண்டு, அரைமணி நேரம் கழித்துப் பயிற்சி செய்தேன். பாதத்தை மேலும் கீழும் அசைப்பது, முழங்காலைக் கட்டிலில் அழுத்துவது, பின்னர்ச் சில அடிகள் நடப்பது. முடிந்ததும் துணியில் சுற்றிய பனிக்கட்டியைத் தொடையில் 15 நிமிடம் வைத்துக்கொள்வேன்.

இரண்டாம் பிழை 19-ஆம் நாள் நேர்ந்தது. வலி மிகுந்த நாளன்று அது. வலியே இல்லாத நாள்! விடியலில் எழுந்தேன், உடல் இலேசாக இருந்தது. பிறர் எழுமுன் கைத்தடியுடன் தெருக்கோடிப் படிப்பகம் வரை சென்று, தாழ்ந்த விசுப்பலகையில் அமர்ந்து செய்தித்தாள் முழுவதையும் படித்தேன். திரும்பும்போது பாதி வழியில் கால் நடுங்கத் தொடங்கிற்று. அன்றிரவு தொடை வீங்கியது. மூன்று நாள் படுக்கையை விட்டு அகல முடியவில்லை. மூட்டு நழுவிவிட்டதோ என்ற அச்சத்தில் உறக்கமும் இல்லை. நல்ல வேளையாக அவ்வாறு ஆகவில்லை.

அந்தப் பெண் என்னைக் கடிந்து கொள்ளவில்லை. "ஆண்டுப் பாடத்தைத் தேர்வுக்கு முதல்நாள் இரவில் படிக்காதீர்கள் என்று நீங்கள்தானே சொல்வீர்கள், ஐயா?" என்று மட்டும் கேட்டார். நான் மறுமொழி கூறவில்லை. அவர் தந்த விதி எளிது: நடந்தபின் வலி சற்று மிகலாம், ஆயின் மறுநாட் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்காவிடில் முந்தைய நாள் அளவு மிகுதி, அதைப் பாதியாக்கு. வருகைப் பதிவேடு எழுதிப் பழகிய கையல்லவா? ஒரு குறிப்பேட்டில் நாள்தோறும் நடந்த அடிகளையும் 10க்கு எத்தனை வலி என்பதையும் எழுதலானேன். நல்ல நாளிலும் குறித்த அளவைத் தாண்டுவதில்லை.

எல்லா வலியையும் இவ்வாறு கணக்கில் எழுதிவிட்டு இருத்தல் ஆகாது. கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், காய்ச்சல், புண்ணில் கசிவு, திடீரெனக் காலை ஊன்ற இயலாமை, இவற்றில் எது தோன்றினாலும் அந்நாழிகையே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

கைத்தடியை எக்கையில் பிடிப்பது? வலக்கால் நோயுற்றால் வலக்கையில் என்றே நானும் நினைத்திருந்தேன். அது தவறு. நெம்புகோல் பாடத்தை நினைவுகூருங்கள். ஒரு காலில் நிற்கும்போது உடல் சாயாதபடி இடுப்பின் வெளிப்புறத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அவை மூட்டுக்கு மிக அருகில் உள்ளமையால் பெருவிசையோடு இழுக்க வேண்டியிருக்கிறது. மூட்டின்மேல் உடல் எடையைப்போல் 2 மடங்குக்கும் மேற்பட்ட சுமை விழுகிறது. எதிர்க்கையில் பிடித்த தடியோ மூட்டுக்குத் தொலைவில் ஊன்றுகிறது. ஆதலின் சிறிதளவு அழுத்தினாலே அத்தசைகளின் உழைப்புப் பெரிதும் குறைகிறது. இயற்பியலை நாற்பது ஆண்டுகளுக்குப்பின் என் இடுப்பில் கற்றேன்! படியேறும்போது நல்ல காலும், இறங்கும்போது அறுவை செய்த காலும் முன்னே செல்ல வேண்டும்.

குனிதல், கால்மேல் கால் போடுதல், தாழ்ந்த இருக்கை ஆகியவை எனக்கு விலக்கப்பட்டிருந்தன. அறுவை செய்யும் முறைக்கேற்ப இவ்விதிகள் மாறும். கீழே விழுந்த பேனாவை எடுக்கவும் பேரனை அழைக்க வேண்டியிருந்ததே வலியைக் காட்டிலும் எனக்குக் கடினமாயிருந்தது.

இப்பொழுது நாள்தோறும் படிப்பகத்துக்குச் செல்கிறேன். எனக்கென உயரமான நாற்காலி ஒன்றை அங்கே போட்டிருக்கிறார்கள். திருமண வீடுகளில் பந்தியில் சம்மணமிட்டு அமர்வதை மட்டும் விட்டுவிட்டேன். அதில் எனக்கு இன்றும் வருத்தந்தான்.