பாட்டும் அளவும்
(யூபிலிப் பாடல் ஒலிப்பதிவை முன்னிட்டு, பாடற்குழுவினர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



யூபிலிக்காக நம் பாடல்களைப் பதிவு செய்ய இருக்கிறோம். ஒலியின் அளவைப் பற்றிச் சில வார்த்தை பேசும்படி என்னைப் பணித்தார்கள். நான் சங்கீத வித்துவான் அல்லன். மைக்கும் மிக்ஸரும் பார்த்து வருகிறவன். நான் சொல்ல வந்தது ஒன்றுதான்: குறைவாகப் பதிவான ஒலியைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம், உடைந்து பதிவான ஒலியை மீட்க முடியாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் ஆவடித் தொழிற்சாலைகளிலும் உழைப்பவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். லேத்தில் அளவுக்கு மேல் கடைந்துவிட்ட தண்டை என்ன செய்வீர்கள்? கழித்துத்தான் போடுவீர்கள். ஒலியும் அப்படியே. கணினியில் ஒலியலையின் உயரத்துக்கு ஒரு கூரை உண்டு. அதைப் பூஜ்ஜியம் டெசிபல் என்பர்; அதற்குக் கீழுள்ளவை எல்லாம் மைனஸ் கணக்கு. குரல் அக்கூரையைத் தாண்டினால் அலையின் முகடு சீவப்பட்டுத் தட்டையாகிறது. காதில் கரகரவென்று விழுகிறது. இதுவே கிளிப்பிங். கேசட் நாடாவில் அளவு மீறினால் ஒலி சிறிது சிறிதாகக் கெடும். கணினியோ ஒரே வெட்டாக வெட்டிவிடும். அதைச் சரிசெய்யும் மென்பொருளும் உண்டு. ஆனால் அது ஊகித்து நிரப்புமே தவிர, போன குரலைக் கொண்டுவராது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு திருவிழாவில், மூத்த பாடகியான அக்கா ஒருவர் தனித்துப் பாடிய பாட்டை நான் பதிவு செய்தேன். ஒத்திகையில் அவர் மெதுவாகப் பாடினார். அதற்கேற்ப அளவு வைத்தேன். திருப்பலியில் கோயில் நிறைந்த மக்களைக் கண்டதும் முழுக் குரலில் பாடினார். சிவப்பு விளக்கு எரிந்ததை நான் கவனிக்கவில்லை. அக்கா இன்று இறைவனடி சேர்ந்துவிட்டார். அவர் குரலென்று வீட்டாரிடம் இருப்பது அந்த ஒரு பதிவுதான். உச்சத்துக்குப் போகும் இடமெல்லாம் கிழிந்திருக்கிறது. அதைத் திருத்தித் தரமுடியுமா என்று அவர் மகன் வந்து கேட்டபோது, நான் தலைகுனிந்து நின்றேன்.

ஆகவே, அன்பர்களே, ஒத்திகையில் பாட்டின் மிக உரத்த அடியையே முதலில் பாடச் சொல்லுங்கள். அப்போது மீட்டர் மைனஸ் 12ஐத் தாண்டாதபடி மைக்கின் கெயினை வையுங்கள். 6 டெசிபல் கூடினால் அலையின் உயரம் இரு மடங்காகும். எனவே மைனஸ் 12 என்பது கூரையின் கால் பங்கு உயரம். மீதி முக்கால் பங்கு வீணே என்று எண்ணாதீர்கள். அது உற்சாகத்துக்கு விட்டுவைத்த இடம்.

அடுத்தது, கலக்கும் வேலை. தனித்தனியே சரியாக உள்ள ஒலிகளும் ஒன்றுசேர்ந்தால் கூரையை முட்டும். சம அளவுள்ள இரண்டு ஒலிகள் சேர்ந்தால் ஏறக்குறைய 3 டெசிபல் கூடும். முகடும் முகடும் ஒன்றாக விழுந்தால் 6. கீபோர்டுக்காரர் தம் ஒலியை ஏற்றச் சொல்வார். பிறகு தபேலாக்காரர், அதன்பின் கிட்டார்க்காரர். முடிவில் சிவப்பு விளக்குதான் மிஞ்சும். குரல் கேட்கவில்லையா? குரலை ஏற்றாதீர்கள், மற்றவற்றை இறக்குங்கள். முடிந்த பாட்டின் உச்சம் மைனஸ் 1ஐத் தாண்ட வேண்டாம். அதற்கு மேலும் நெருக்கி உரக்கச் செய்து பயனில்லை. அளவுக்கு மிஞ்சி உரத்த பாட்டை யூடியூப் தானாகவே தணித்துவிடுகிறது.

இது வெறும் இயந்திரக் கணக்கு அன்று. திருவழிபாட்டு இசையைப் பற்றி 1967 மார்ச் 5ஆம் நாள் உரோமை வெளியிட்ட ஏடு, இசைக்கருவிகள் குரலுக்குத் துணைநிற்கலாம், ஆனால் வார்த்தை விளங்காதபடி அதை அமுக்கிவிடலாகாது என்று 64ஆம் எண்ணில் அறிவுறுத்துகிறது. நாம் தமிழில் பாடுவது மக்கள் பொருள் உணர்ந்து செபிப்பதற்கே. வார்த்தை கேட்காவிட்டால் அந்த நோக்கமே வீணாகும்.

எலியா இறைவாக்கினர் ஆண்டவரைப் பெருங்காற்றிலும் நிலநடுக்கத்திலும் நெருப்பிலும் காணவில்லை. மெல்லிய ஒலியிலே கண்டார். நாமும் ஒருவருக்கொருவர் சற்றே இறங்கிக் கொடுப்போம். இந்த யூபிலிப் பாடல்களை நம் பேரப்பிள்ளைகள் கேட்கும் நாளில், நம் குரல்கள் கிழியாமல் அவர்களைச் சென்றடையட்டும்.

இறைவனுக்கே புகழ்!