ஆளில்லா வானூர்தியும் அதற்கு வேண்டிய முதலும்



இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருள் மொழி மேடைக்குச் சற்றே அயலானதாகத் தோன்றலாம். ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தியைக் கொண்டு தொழில் செய்யும் புத்தொழில் நிறுவனங்கள் எவ்வாறு வளர்கின்றன, அவற்றுக்கு வேண்டிய பணம் எங்கிருந்து வருகிறது, எங்கே போய்த் தீர்கிறது என்பதே அப்பொருள். ஆயினும் இதனை ஒரு சொல்லிலிருந்தே தொடங்க இயலும். 'ஆளில்லா வானூர்தி' என்கிறோம். ஊர்தியின் உள்ளே ஆள் இல்லை என்பது உண்மைதான். செம்பனைத் தோட்டத்தில் மருந்து தெளிக்கும் ஒரு ட்ரோனின் அருகே சென்று பாருங்கள். அதனை இயக்குபவர் ஒருவர், மருந்தைக் கலந்து கலனை நிரப்புபவர் ஒருவர், பறக்கும் வழியில் யாரும் குறுக்கிடாதபடி கண்காணிப்பவர் ஒருவர் என இருவரோ மூவரோ அங்கே நிற்பர். அவர்களையும் கருவிகளையும் சுமந்துவர ஒரு வண்டி வேண்டும். சுமையோடு பறக்கும் தெளிப்பு ட்ரோன் ஏறத்தாழ 10 முதல் 15 நிமிடங்களுக்குள் தரையிறங்கியாக வேண்டும்; ஆகவே மாற்று மின்கலங்களும், அவற்றுக்கு மின்னேற்றும் இயந்திரமும் வேண்டும். ஆளில்லா ஊர்தியை வைத்து நடத்தும் தொழிலில் ஆட்கூலிதான் மாதந்தோறும் முதலில் நிற்கும் செலவு. பெயரை மட்டும் நம்பிக் கணக்குப் போடுபவர் இங்கேயே இடறிவிடுவார்.

இப்பொருள் நமக்கு ஏன் வேண்டும் என்று கேட்கலாம். மலேசியாவில் செம்பனை 55 இலட்சம் ஹெக்டருக்கும் மேற்பட்ட நிலத்தில் பயிராகிறது. ஒரு ஹெக்டரில் ஏறத்தாழ 136 முதல் 148 மரங்கள். அவற்றின் அடியிலுள்ள களைக்கும் உச்சியிலுள்ள வண்டுக்கும் மருந்தடிக்க வேண்டும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு மருந்தடிக்கும் வேலையை விளக்கத் தேவையில்லை. முதுகில் கலனைச் சுமந்துகொண்டு நடந்தவர்களுள் நம் பெண்கள் மிகப் பலர். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லிக்கு 2002இல் தடை அறிவிக்கப்பட்டது. 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான் முழுத் தடை நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் அது யாருடைய தோலிலும் மூச்சிலும் கலந்தது என்பதை நாம் அறிவோம். இன்று தோட்டங்களில் பெரும்பாலும் அயல்நாட்டுத் தொழிலாளரே உழைக்கின்றனர். கலனை மனித முதுகிலிருந்து இறக்கி வைக்கும் கருவி வந்துவிட்டது. அக்கலனைச் சுமந்தவரின் பேரனோ பேத்தியோ அக்கருவிக்குக் கூலிக்கு ஆளாவாரா, அந்நிறுவனத்துக்கு உரிமையாளராவாரா என்பதைத் தீர்மானிப்பது பொறியியல் அறிவு மட்டுமன்று. முதலைப் பற்றிய அறிவும் ஆகும்.

ட்ரோன் தொழிலின் சிறு வரலாற்றில் பெரும்பணம் எங்கே தோற்றது என்று முதலில் பார்ப்போம். சீனாவின் ஷென்சென் நகரில் டிஜேஐ நிறுவனம் 2006இல் தோன்றியது. அதனைத் தொடங்கிய ஃபிராங்க் வாங், ஹாங்காங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் மாணவர். 2013இல் வெளிவந்த அதன் 'ஃபாண்டம்' ட்ரோனைப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் எவரும் பறக்கவிடலாம். அமெரிக்காவில் கிறிஸ் ஆண்டர்சன், ஜோர்டி முன்யோஸ் ஆகிய இருவரும் 2009இல் தொடங்கிய 3டி ரோபாட்டிக்ஸ் இதற்குப் போட்டியாக 2015இல் 'சோலோ' என்னும் ட்ரோனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. டிஜேஐ விலையைக் குறைத்தது. புதிய மாதிரிகளை அடுத்தடுத்து இறக்கியது. மின்கலம், மோட்டார், மின்சுற்று ஆகிய எல்லாவற்றையும் செய்யும் ஆலைகள் சூழ்ந்த நகரில் அமர்ந்திருப்பவரோடு விலையில் மோதுவது எளிதன்று. 2016இல் 3டி ரோபாட்டிக்ஸ் வன்பொருள் செய்வதை விட்டு மென்பொருளின் பக்கம் திரும்பிற்று.

ஏர்வேர் என்னும் மற்றொரு நிறுவனத்தின் கதை இன்னும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. 2011இல் தொடங்கப்பட்டுச் சான் பிரான்சிஸ்கோவில் இயங்கிய இந்நிறுவனம் 11 கோடியே 80 இலட்சம் அமெரிக்க டாலர் திரட்டியது. பணம் தந்தவர்களோ சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெயர்பெற்ற முதலீட்டாளர்கள். முதலில் ட்ரோனின் மூளையாகிய தானியங்கி இயக்கக் கருவியில் அது கைவைத்தது; பின்னர் ட்ரோனையே செய்ய முயன்றது; டிஜேஐயோடு போட்டியிட இயலாதெனக் கண்டு, சுரங்கம், கற்குவாரி, காப்புறுதி ஆகிய துறைகளுக்கான மென்பொருளுக்கும் சேவைக்கும் மாறியது. 2018 செப்டம்பரில் பணம் தீர்ந்து கதவை மூடியது. அங்கே அறிவு குறைவாக இருந்ததா? இல்லை. பணம் குறைவாக இருந்ததா? அதுவும் இல்லை. யாருடைய எந்தத் துன்பத்தைத் தீர்த்து எவ்வளவு கூலி பெறப்போகிறோம் என்பது தெளிவாகும் முன்னரே பெருந்தொகை கைக்கு வந்துவிட்டது. பெருந்தொகை வந்தால் பெருங்கட்டடம் வரும், ஆட்கள் வருவர், மாதச் செலவு வரும். திசை மாற வேண்டிய நாளில் அத்தனையையும் இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டியிருக்கும். பணப்பற்றாக்குறையால் இறக்கும் நிறுவனங்களைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். காலத்துக்கு முந்திய பணத்தால் இறப்பவற்றைப் பற்றிப் பேசுவது குறைவு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2014இல் கமாருல் முகமட் தொடங்கிய ஏரோடைன் நிறுவனம் சைபர்ஜெயாவில் இயங்குகிறது. ட்ரோன் செய்து விற்பதைத் தன் முதன்மைத் தொழிலாக அது கொள்ளவில்லை. தொலைத்தொடர்புக் கோபுரம், மின்கம்பி வழி, காற்றாலை போன்றவற்றைப் பறந்து படம்பிடித்து, எந்த மூட்டு துருப்பிடித்துள்ளது, எது உடனே கவனிக்கப்பட வேண்டும் என்னும் விடையை விற்றது. கோபுரத்தின் உரிமையாளருக்கு ட்ரோன் வேண்டாம். எந்த ஆணி கழன்றுள்ளது என்று தெரிந்தால் போதும். ட்ரோன் தொழிலை ஆராயும் ஜெர்மானிய நிறுவனமான ட்ரோன் இண்டஸ்ட்ரி இன்சைட்ஸ், 2021, 2022 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலகின் ட்ரோன் சேவை நிறுவனங்களுள் ஏரோடைனை முதலிடத்தில் வைத்தது. போலாட்ரோன் என்னும் மற்றொரு மலேசிய நிறுவனம் செம்பனையையே தன் களமாகக் கொண்டது. நெல்வயலுக்கென ஆன கருவி செம்பனைக்கு அப்படியே ஒத்துவராது. வயல் சமதளம், செம்பனையோ தனித்தனி உச்சி. காண்டாமிருக வண்டு குடியேறும் குருத்தைப் பார்த்து மருந்து விழ வேண்டும். இந்தத் தனித்தேவையில் நின்றுகொண்டு அது 2021இல் 42 இலட்சத்து 90 ஆயிரம் அமெரிக்க டாலரை விதை முதலாகப் பெற்றது. ஏர்வேருக்கு வந்ததோடு ஒப்பிட்டால் இது சிறுதொகைதான். வந்த வேளையில் களம் எதுவெனத் தெரிந்திருந்தது என்பதே வேறுபாடு. ருவாண்டாவில் 2016இல் இரத்தப் பைகளை ட்ரோன் வழியே மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லத் தொடங்கிய ஸிப்லைன் நிறுவனமும், அந்நாட்டு அரசைத் தன் வாடிக்கையாளராகக் கொண்டே பறக்கத் தொடங்கிற்று.

வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார் என்பதோடு சிக்கல் தீருமா? இங்கே ஒரு கணக்கைச் சற்று நின்று பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை. ஒரு தெளிப்புக் குழுவை நடத்த மாதம் 20,000 ரிங்கிட் செலவு. அக்குழுவின் வேலைக்குத் தோட்ட நிர்வாகத்துக்கு மாதம் 25,000 ரிங்கிட் பில். மாதந்தோறும் 5,000 இலாபம். ஏட்டளவில் நல்ல தொழில். ஆனால் பில் மாத முடிவில் போகிறது. பணம் 90 நாள் கழித்து வருகிறது. முதல் மாத வேலைக்குரிய 25,000 கைக்கு வருவது நான்காம் மாத இறுதியில். அதற்குள் நான்கு மாதச் சம்பளமும் எண்ணெய்ச் செலவும் கொடுத்தாயிற்று. 80,000 ரிங்கிட் வெளியே போய்விட்டது. முதல் வரவு வந்த பின்னும் 55,000 பள்ளம். மாதம் ஐயாயிரமாக அது நிரம்ப மேலும் 11 மாதங்கள் ஆகும். அதாவது, இலாபம் தரும் ஒரு குழு 15ஆம் மாத இறுதியில்தான் போட்ட பணத்தைத் திரும்பக் காணும். ட்ரோன் வாங்கிய விலையை இன்னும் சேர்க்கவே இல்லை.

இப்பொழுது நற்செய்தி வருகிறது: வேறொரு தோட்டம் பத்துக் குழுக்கள் கேட்கிறது. பள்ளம் எட்டு இலட்சமாகிறது. வேலை இல்லாமல் மூடும் நிறுவனத்தை ஊரார் புரிந்துகொள்வர். வேலை மிகுந்து மூடும் நிறுவனத்தை அதன் உரிமையாளரின் வீட்டாரே புரிந்துகொள்வதில்லை. மழைக்காலத்தில் பறக்க முடியாத நாள்கள், உரிமம் வரக் காத்திருக்கும் வாரங்கள் ஆகியவற்றையும் இதில் சேர்க்க வேண்டும். வான்போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி ஒன்று, வானிலிருந்து நிலத்தைப் படமெடுக்க நில அளவைத் துறையின் அனுமதி ஒன்று என வாயில்கள் பல. காத்திருக்கும் நாளிலும் சம்பளம் ஓடுகிறது.

இந்தப் பள்ளத்தை எந்தப் பணத்தால் நிரப்புவது? இங்கேதான் 'முதல்' என்னும் ஒரு சொல்லுக்குள் பலவகைப் பணத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சிங்கப்பூரின் மார்க்கெட் ஸ்திரீட்டிலும் பினாங்கிலும் நம் செட்டியார்கள் கிட்டங்கியில் பெட்டியடி வைத்து நடத்திய தொழிலில், கடன் கேட்டு வந்தவர் நிலப் பத்திரத்தைக் கொண்டுவந்து வைத்தார். நிலம் ஓடிப்போகாது. ட்ரோன் நிறுவனத்திடம் அடகு வைக்க என்ன உண்டு? புது மாதிரி வந்ததும் பழைய ட்ரோனின் விலை பாதாளத்துக்குப் போகிறது. ஆகவே வங்கி தயங்குகிறது. அத்தயக்கத்தை நாம் பழிக்க மாட்டோம். வங்கி மறுத்ததும் பலர் பங்கை விற்கப் போகின்றனர்.

பங்கு விற்பது எப்போது பொருந்தும்? விடை தெரியாத ஆராய்ச்சிக்குப் பொருந்தும். செம்பனைக் குருத்தைத் தானே அடையாளம் காணும் மென்பொருளை எழுத ஈராண்டு ஆகலாம்; எழுத முடியாமலும் போகலாம். அந்த ஐயத்தைப் பகிர்ந்துகொள்பவரே துணிகர முதலீட்டாளர். அவர் பத்து நிறுவனங்களில் பணம் போட்டு, ஒன்றிரண்டு பன்மடங்காகப் பெருகினால் போதும் என்னும் கணக்கில் இயங்குபவர். ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினைந்தாகச் சீராக வளரும் தெளிப்புச் சேவை நல்ல தொழில்தான்; அவருக்கு அது பயன்படாது. அத்தகையவரின் பணத்தைச் சம்பளப் பள்ளத்தில் கொட்டினால், இருவரும் ஏமாற்றமடைவர். விலையையும் எண்ணிப் பாருங்கள்: நூற்றுக்கு இருபதாக மூன்று முறை புதிய பங்குகளை விற்றால், தொடங்கியவரிடம் எஞ்சுவது 51.2. நான்காம் முறை விற்றால் பாதிக்கும் கீழே இறங்கிவிடுவார்.

கேட்கப்படாத பில்லுக்கு உரிய பணம் வேறு. நல்ல பெயருள்ள தோட்ட நிறுவனம் பணம் தர ஒப்புக்கொண்ட பில்லைக் காட்டி, அதன் பெரும்பகுதியை முன்கூட்டியே தரும் நிதி நிறுவனங்கள் உள்ளன. கழிவு கொடுக்க வேண்டும். பங்கு கொடுக்க வேண்டியதில்லை. அதனினும் மலிவானது வாடிக்கையாளரின் முன்பணம். மூன்று மாத வேலைக்கு ஒரு மாதத் தொகையை முன்கூட்டிக் கேட்பதற்கு நம்மவர் கூசுகின்றனர். கேட்டால் வேலை போய்விடுமோ என்னும் அச்சம். ஆனால் முன்பணம் தர மறுக்கும் வாடிக்கையாளர் 90 நாளில் தருவார் என்பதற்கு என்ன உறுதி என்று திருப்பிக் கேட்டுப் பார்க்கலாம்.

தொடக்க நிலைக்கு அரசு மானியங்களும் உள்ளன. கிரேடல் நிறுவனத்தின் ஸ்பார்க் திட்டம் அவற்றுள் ஒன்று. முதல் மாதிரியைச் செய்து பார்க்க அது உதவும். புக்கிட் ஜாலிலில் மிராந்தி பூங்காவில் ட்ரோன்களைச் சோதிக்கவே இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. பொதுமக்களிடம் சிறுசிறு பங்காக முதல் திரட்டும் முறைக்கு 2015லேயே மலேசியா சட்ட வடிவம் தந்தது. ஆசியான் நாடுகளுள் நாமே முந்தினோம். மானியத்தைப் பற்றி ஒரே ஓர் எச்சரிக்கை. மானிய விண்ணப்பம் எழுதுவதில் தேர்ந்து, வாடிக்கையாளரைச் சந்திப்பதில் தேராத நிறுவனங்கள் உண்டு. விருதுக் கேடயங்கள் வரவேற்பறையில் வரிசையாக இருக்கும். வரவேற்க ஆள் வரமாட்டார்.

இனி, எவரும் மேடையில் சொல்லத் தயங்கும் ஒன்று. பெற்றோரின் ஊழியர் சேமநிதிப் பணம். பிள்ளை பொறியியல் படித்தவன், ட்ரோன் செய்திருக்கிறான், நாளேட்டில் படம் வந்திருக்கிறது. தாய் தந்தை 55 வயதில் எடுத்த தொகையை நீட்டுகின்றனர். அன்புதான். ஆனால் மேற்சொன்ன 80,000 ரிங்கிட் பள்ளத்துக்கு அப்பணம் போகக் கூடாது என்பது நம் உறுதியான கருத்து. அது தோட்ட நிர்வாகம் தாமதமாகப் பணம் தருவதற்கு ஓர் ஏழைக் குடும்பம் வட்டியில்லாக் கடன் கொடுப்பதற்கு ஒப்பாகும். முன்னொரு தலைமுறை முதுகில் சுமந்தது; அடுத்த தலைமுறை ஏட்டில் சுமப்பதா?

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பல பள்ளிகளில் இப்பொழுது ட்ரோன் கழகங்கள் இயங்குகின்றன. போட்டிக்கு ட்ரோனோடு வரும் மாணவர் குழுவிடம், அதனோடு ஒரு தாளையும் கேளுங்கள். இதற்குப் பணம் தருபவர் யார், எந்தத் தேதியில் தருவார், அதுவரை சம்பளம் எங்கிருந்து வரும் என மூன்று வரி எழுதினால் போதும். ஐந்தாம் படிவக் கணக்குப் பாட அறிவே இதற்குப் போதுமானது. தமிழிலேயே எழுதலாம், சொற்கள் நம்மிடம் இருக்கின்றன. அந்தத் தாளில் நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று இப்பொழுதே கேட்க விரும்பும் மாணவர் ஒருவர் முன்வரிசையில் கை உயர்த்தியிருக்கிறார். அவருக்கு இடம் விட்டு அமர்கிறோம்.