திரையில் நம் ஊர்: கோபுரம் தெரிகிறது, ஆள் தெரிகிறாரா?

(நம் குடியிருப்போர் நலச் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பராமரிப்புக் கட்டணம், லிஃப்ட், போர்வெல் மோட்டார் எல்லாம் பேசி முடித்தாயிற்று. மீதியிருக்கும் பதினைந்து நிமிடத்தில் சினிமா பற்றி ஏதாவது பேசுங்கள் என்றார் செயலாளர். நான் விமர்சகன் இல்லை. மாதம் ஒரு படம் பார்த்தால் அதிகம். கேமரா கோணம், எடிட்டிங் பற்றியெல்லாம் கேட்டால் விழிப்பேன். ஆனால் தஞ்சாவூர்க்காரன் என்ற முறையில் எனக்கு ஓர் ஆசை உண்டு. நம் காவிரிக்கரை திரையில் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவேன். அதனால் நம் பக்கத்துக் கதைகளைச் சொன்ன சில படங்களைப் பற்றி மட்டும் என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் டீ வரும்போது சண்டை போடலாம்.

என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல். படம் முடிந்து எழுந்த பிறகு, என் ஊரில் யாரையாவது புதிதாகக் கவனித்தேனா? கவனித்திருந்தால் அது நல்ல படம். அவ்வளவுதான்.

முதலில் 'தில்லானா மோகனாம்பாள்'. 1968 ஜூலையில் வந்தது. கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை, ஏ.பி. நாகராஜன் இயக்கம். சிக்கல் சண்முகசுந்தரமாக சிவாஜி, திருவாரூர் மோகனாம்பாளாக பத்மினி. சிவாஜியின் கன்னமும் விரலும் பேசுவதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். உண்மையில் நாதஸ்வரம் வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் என்பதும் உங்களில் பலருக்குத் தெரியும்.

எனக்கு அந்தப் படத்தில் பிடித்தது கச்சேரியை விட, கச்சேரிக்கு வெளியே நடப்பவை. மேளக்காரர்களும் நாட்டியக் குழுவும் ஒரே ரயில் பெட்டியில் போகும் காட்சியை நினைத்துப் பாருங்கள். தவில்காரராக பாலையா அடிக்கும் லூட்டி, மகளுக்குப் பணக்காரத் துணை தேடும் வடிவாம்பாள், ஆளுக்கு ஆள் நிறம் மாறும் தரகர் சவடால் வைத்தி, நாடகக் கொட்டகையில் ஜில் ஜில் ரமாமணி. இவர்கள் எல்லோரும் திருவிழா நாளில் கோயில் வாசலில் நாம் கூட்டத்தோடு கூட்டமாகக் கடந்துபோன மனிதர்கள். கையில் காயத்தோடு வாசிக்க வந்தவரை, சபை நடுவே ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கிறாள் மோகனா. கூட்டத்துக்கு அது பாட்டு, அவர்கள் இருவருக்கும் அது பேச்சு. மதன்பூர் அரண்மனைப் பகுதி கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறது. இருந்தாலும் அந்தப் படம் பார்த்த பிறகு, கல்யாண மண்டபத்தில் நாதஸ்வரம் ஒலிக்கும்போது பந்திக்கு ஓடாமல் வாசிப்பவரின் முகத்தைப் பார்க்கப் பழகினேன். என் அளவுகோலில் முழு மதிப்பெண்.

அடுத்து 'பொன்னியின் செல்வன்'. கல்கி 1950 முதல் 1954 வரை எழுதிய கதை. எம்.ஜி.ஆர். உட்படப் பலர் எடுக்க ஆசைப்பட்டு முடியாமல் போனதை மணிரத்னம் இரண்டு பாகமாக எடுத்து முடித்தார். முதல் பாகம் 2022 செப்டம்பர், இரண்டாம் பாகம் 2023 ஏப்ரல். நம் குடியிருப்பிலிருந்தே எத்தனை குடும்பங்கள் போயின என்று உங்களுக்கே தெரியும். கண்ணுக்கு விருந்து, அதில் சந்தேகமில்லை. நந்தினியும் குந்தவையும் நேருக்கு நேர் நிற்கும்போது தியேட்டரே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

ஆனால் எனக்கு ஒரு குறை. கல்கியின் நாவல் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. புதுப்புனல் வந்த மகிழ்ச்சியில் ஊரே கரையில் கூடியிருக்கிறது. பெண்கள், குழந்தைகள், உழவர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். அவர்களைத் தாண்டித்தான் வந்தியத்தேவனின் குதிரை வருகிறது. படமோ போர்க்களத்தில் தொடங்குகிறது. மன்னர்கள் கிடைத்தார்கள், மக்கள் ஒரு பாட்டோடு நின்றுவிட்டார்கள். நாவலை இரண்டு பாகத்துக்குள் அடக்குவது லேசான வேலை இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பொன்னி என்று பெயர் வைத்த கதையில் அந்த ஆற்றுத் தண்ணீரை நம்பி வாழ்ந்தவர்களுக்கு இன்னும் பத்து நிமிடம் கொடுத்திருக்கலாம். பிரமித்தேன், ஆனால் படம் முடிந்து யாரையும் புதிதாகக் கவனிக்கவில்லை.

இனி ஒரே இயக்குநரின் இரண்டு படங்கள். ச. பிரேம்குமாரின் '96' 2018-இல் வந்தது. 'மெய்யழகன்' 2024 செப்டம்பரில் வந்தது. இரண்டிலும் தஞ்சாவூரை விட்டுப் போனவர் திரும்பி வருகிறார். '96' படத்தில் எல்லோரும் ராமையும் ஜானுவையும் பேசுவார்கள். நான் பள்ளிக்கூடத்துக் காவலாளியாக வரும் ஜனகராஜைப் பேசுவேன். எத்தனையோ வருடம் கழித்து வந்து நிற்கும் மாணவனை அடையாளம் கண்டு உள்ளே விடுகிறாரே, அந்தக் கொஞ்ச நேரம் போதும். ஊர் என்பது நம்மை ஞாபகம் வைத்திருக்கும் ஒரு ஆள்.

'மெய்யழகன்' அதே விஷயத்தைத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறது. சொத்துத் தகராறில் 1996-இல் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன அருள்மொழி (அரவிந்த்சாமி) 22 வருடம் கழித்து நீடாமங்கலத்துக்குத் தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்கு வருகிறார். தலையைக் காட்டிவிட்டு ராத்திரியே திரும்பிவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. அங்கே ஒருவன் (கார்த்தி) "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறான். சாப்பாடு போடுகிறான், வீட்டுக்கு அழைத்துப் போகிறான், பிறக்கப்போகும் பிள்ளைக்கு இவர் பெயரை வைக்கப்போவதாகச் சொல்கிறான். இவருக்கோ அவன் பெயரே ஞாபகம் வரவில்லை. கேட்கவும் கூச்சம். படம் முழுக்க இவ்வளவுதான்.

177 நிமிடம். நீளம் என்று புகார் வந்து, வெளியான சில நாட்களிலேயே 18 நிமிடத்தை வெட்டினார்கள். என் வீட்டிலேயே இரண்டு கட்சி. "இவ்வளவு நல்லவன் உலகத்தில் உண்டா?" என்று ஒரு கட்சி. எனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. நாம் பெயர் மறந்த ஒருவர் நம்மை மறக்காமல் இருந்தால் வரும் கூச்சம் இருக்கிறதே, அதை இவ்வளவு நேரம் உட்கார வைத்துக் காட்டிய தமிழ்ப்படத்தை நான் பார்த்ததில்லை. மேடையில் தங்கை காலில் அண்ணன் கொலுசு போடும் காட்சியில் நான் கண்ணாடியைத் துடைத்தேன். தூசி என்று வீட்டில் சொன்னேன்.

இவ்வளவு சொன்னவன் ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். நம் மாவட்டங்களை நெற்களஞ்சியம் என்று பெருமையாகச் சொல்கிறோம். குறுவை, சம்பா, தாளடி என்று வருடத்தையே பயிரால் எண்ணுகிற ஊர். ஆனால் நான் இதுவரை சொன்ன படங்களில் வயலில் இறங்கி நாற்று நடுபவர் யார்? வயல் பச்சைப் பின்னணியாக வந்து போகிறது. முக்கியப் பாத்திரங்கள் யாரும் சேற்றில் கால் வைக்கவில்லை.

'தில்லானா மோகனாம்பாள்' தியேட்டர்களுக்கு வந்த அதே 1968-ஆம் வருடம் டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சை மாவட்டத்தின் கீழவெண்மணியில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். சிக்கலிலிருந்தும் திருவாரூரிலிருந்தும் அது எட்டிவிடும் தூரம்தான். அந்தச் சம்பவத்தை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' சாகித்ய அகாடமி விருது பெற்றது. அதிலிருந்து ஸ்ரீதர் ராஜன் 1983-இல் 'கண் சிவந்தால் மண் சிவக்கும்' எடுத்தார். சிறந்த முதல் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. இந்த அரங்கில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கை தூக்கச் சொல்லவில்லை. நாதஸ்வரத்தை ஞாபகம் வைத்திருப்பதைப் போல இதையும் நாம் ஞாபகம் வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன். இரண்டும் நம் ஊர்தான்.

நெல்லை மையமாக வைத்து நான் பார்த்த மிக நல்ல படம், வேடிக்கை பாருங்கள், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தது. மணிகண்டனின் 'கடைசி விவசாயி', 2022. குலதெய்வத்துக்குப் படைக்கப் புது நெல் வேண்டும். ஊரில் இன்னும் விவசாயம் செய்வது மாயாண்டி என்ற ஒரே ஒரு பெரியவர். செத்துக்கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக அவரைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அவருக்குக் கவலை வழக்கைப் பற்றி இல்லை, பயிருக்குத் தண்ணீர் யார் விடுவது என்பதுதான். கடைசியில் ஒரு போலீஸ்காரர் போய்த் தண்ணீர் பாய்ச்ச வேண்டியதாகிறது. மாயாண்டியாக வந்த நல்லாண்டி நிஜமான விவசாயி. படம் வெளியாகும் முன்பே காலமாகிவிட்டார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற படம் அது. மறுநாள் காலை சோற்றுப் பானையைப் பார்க்கும்போது ஒரு முகம் ஞாபகம் வந்தது. காவிரிக்கரையிலிருந்து அப்படி ஒரு படம் வர வேண்டும் என்பது என் ஆசை. பின்வரிசைப் பிள்ளைகளில் யாராவது எடுத்தால் முதல் டிக்கெட் எனக்கு.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டு கோரிக்கையோடு முடித்துக்கொள்கிறேன்.

ஒன்று: அடுத்த கூட்டத்துக்குள் நான் சொன்னவற்றில் ஒரு படத்தையாவது வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பாருங்கள். நடுவில் அவர்கள் "இப்படித்தான் எங்க ஊர்ல..." என்று ஆரம்பித்தால் படத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கேட்டதை இங்கே வந்து சொல்லுங்கள்.

இரண்டு: கீழே அறிவிப்புப் பலகையில் இருக்கும் தொலைபேசிப் பட்டியலைப் பாருங்கள். நம் பெயர்களுக்கு முன்னால் திரு, திருமதி எல்லாம் இருக்கிறது. அதற்குக் கீழே வாட்ச்மேன், பிளம்பர், எலக்ட்ரீஷியன், துப்புரவு என்று நம்பர் மட்டும் இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நாம் வந்து ஹாரன் அடித்தால் கேட்டைத் திறப்பவருக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பு வரை தெரியும். அவர் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நீடாமங்கலத்தில் அருள்மொழி பட்ட கூச்சத்தை நாம் படவேண்டாம். அடுத்த பட்டியலில் அவர்கள் பெயர்களையும், அதே திரு, திருமதியோடு, சேர்க்க வேண்டும் என்று சங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

டீ வந்துவிட்டது. சண்டைக்கு நான் தயார்.